கிரியேட்டினின் ஏறினால் மாத்திரையை நிறுத்தலாமா? சிறுநீரக, இதய நோய் ஆய்வுகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பாவுக்கு இதயம் பலவீனம், சர்க்கரை இல்லை. டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. தொடங்கி மூன்று வாரத்தில் கிரியேட்டினின் 1.9-லிருந்து 2.2 ஆகிவிட்டது. கிட்னியைக் காக்கும் மருந்து என்று சொன்னார்கள், இப்படி ஏறுகிறதே! நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு. இந்த ஏற்றம் எதிர்பார்த்ததுதான்.

இந்த வகை மாத்திரை, சிறுநீரக நுண்குழாயின் முதல் பகுதியில் சர்க்கரையும் உப்பும் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. அதனால் குழாயின் அடுத்த பகுதிக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக உப்பு போய்ச் சேரும். அங்குள்ள உணர்செல்கள் அதைக் கண்டதும், வடிகட்டிக்குள் ரத்தம் கொண்டுவரும் நாளத்தைச் சற்று இறுக்கிவிடும். வடிகட்டியின் உள்ளழுத்தம் தணியும், வடிகட்டும் அளவும் கொஞ்சம் குறையும். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறித் தெரிவது இதனால்தான். வருடக்கணக்கில் வடிகட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தது அந்த உயர் அழுத்தமே. ஆக, முதல் சில வாரங்களில் ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வடிகட்டுகிறது என்ற அளவு) 3 முதல் 5 வரை இறங்கும். அதன் பிறகு, மாத்திரை சாப்பிடாதவர்களைவிட மெதுவாக இறங்கும்.

2020-ல் வெளியான டாப்பா-சிகேடி ஆய்வில் 4,304 பேர். மூன்றில் ஒரு பங்குக்குச் சர்க்கரை நோயே கிடையாது. சிறுநீரகச் செயல்பாடு பாதியாவது, சிறுநீரகம் செயலிழப்பது, சிறுநீரக அல்லது இதயக் காரணத்தால் இறப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் போலி மாத்திரை (ஒப்பிடுவதற்காகத் தரும், மருந்தில்லாத மாத்திரை) குழுவில் 14.5%, மருந்துக் குழுவில் 9.2%. அதே மருந்து, அதே ஆரம்ப இறக்கம். முதல் மாத ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மருந்தை நிறுத்தியிருந்தால் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரிந்திருக்காது.

கவலைப்பட வேண்டியது எப்போது? கிரியேட்டினின் பழைய அளவைவிட 30 சதவீதத்துக்கு மேல் கூடினால். உங்கள் அப்பாவுக்குக் கூடியது ஏறத்தாழ 16 சதவீதம். 2.5-ஐத் தொட்டிருந்தால் மருத்துவர் முதலில் வேறு காரணங்களைத் தேடுவார்: உடலில் நீர் வற்றியிருக்கிறதா, சிறுநீர் போக வைக்கும் மாத்திரையின் அளவு அதிகமா, மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை சாப்பிட்டாரா, சிறுநீரகத் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று. அனுபவத்தில் அடிக்கடி மாட்டுவது வலி மாத்திரைதான். கேட்டால் ‘அது சும்மா வலிக்குத்தானே’ என்று பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று. வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் என்றால் அந்த நாட்களில் இந்த மாத்திரையை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பும் அப்படியே. காரணம், பட்டினி நேரத்தில் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரக்கூடும். சர்க்கரை அளவு சாதாரணமாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இந்த ஆபத்து சர்க்கரை நோயாளிகளுக்கே பெரும்பாலும் வருகிறது. ஆனாலும் நீர் வற்றுவது எல்லோருக்கும் பொது. எந்த நாளில் நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள்.

கேள்வி: மாத்திரை ‘ஆபத்தை 39 சதவீதம் குறைக்கிறது’ என்கிறார்கள். நூறு பேர் சாப்பிட்டால் 39 பேர் பிழைப்பார்கள் என்றா அர்த்தம்?

பதில்: இல்லை. மேலே சொன்ன அதே ஆய்வின் கணக்குதான் இது. 14.5-க்கும் 9.2-க்கும் இடையே வித்தியாசம் 5.3. அதாவது சுமார் இரண்டரை வருடம் 19 பேர் மாத்திரை சாப்பிட்டால் ஒருவருக்கு அந்தப் பாதிப்பு தவிர்க்கப்படும். சிறுநீரக ஆய்வுகளில் இது மிக நல்ல எண். 39% என்பது ஒரு குழுவின் ஆபத்தை இன்னொன்றோடு ஒப்பிட்ட விகிதம். அந்த 4,304 பேருக்கும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் நிறையப் போய்க்கொண்டிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஆபத்து குறைவாக உள்ள ஒருவருக்கு விகிதம் அதேயாக இருந்தாலும், கிடைக்கும் நிகர லாபம் சிறியது. விகிதத்தை மட்டும் சொல்லி, எத்தனை பேரில் எத்தனை பேர் என்று சொல்லாத செய்தியைப் பாதிச் செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிறுநீரக நோயால் ரத்தசோகை. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஊசி போட்டதும் ஹீமோகுளோபின் 8-லிருந்து 11 ஆனது, தெம்பாக இருக்கிறது. 13, 14 வரை ஏற்றினால் இன்னும் நன்றாக இருக்குமே? டாக்டர் மறுக்கிறார்.

பதில்: டாக்டர் செய்வது சரி. நீங்கள் கேட்பதையே ஒரு காலத்தில் துறையே நம்பியது. ரத்தசோகை உள்ள சிறுநீரக நோயாளிகளுக்கு இதயச் சுவர் தடிக்கிறது, அதிகம் பேர் இறக்கிறார்கள். ஆகவே ஹீமோகுளோபினை இயல்புக்குக் கொண்டுவந்தால் இதயம் பிழைக்கும் என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

சோதித்துப் பார்த்தபோது நேர்மாறாக வந்தது. 2006-ல் வெளியான கொயர் ஆய்வில் 1,432 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இலக்கு 13.5, மற்றதற்கு 11.3 என்று வைத்தார்கள். இறப்பு, மாரடைப்பு, இதயச் செயலிழப்பால் அட்மிட் ஆவது, பக்கவாதம் என்று சேர்த்துப் பார்த்தால், உயர்ந்த இலக்குக் குழுவில்தான் அதிகம். 2009-ல் ட்ரீட் ஆய்வு, 4,038 சர்க்கரை நோயாளிகள். டார்பெபோயெட்டின் ஊசியால் 13-ஐ நோக்கி ஏற்றிய குழுவில் பக்கவாதம் வந்தவர்கள் 5.0%, மற்றக் குழுவில் 2.6%. அந்த மற்றக் குழுவுக்கு ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே போனால் மட்டுமே ஊசி.

ஏன் இப்படி? ரத்தம் கெட்டிப்படுவது, ரத்த அழுத்தம் கூடுவது, ஊசிக்குச் சரியாகப் பலன் காட்டாத உடலில் அளவை ஏற்றிக்கொண்டே போனது என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். அதனால்தான் ஊசி மருந்தால் 11.5-ஐத் தாண்ட வைப்பதில்லை. தெம்பு போதவில்லை என்றால் ஊசியைக் கூட்டச் சொல்வதற்கு முன் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்பு இருப்பைக் காட்டுவது), டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் பயன்பாட்டுக்குக் கிடைக்கும் இரும்பைக் காட்டுவது) இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரும்பு இல்லாத உடலில் ஊசி மட்டும் போட்டால் பெரிய பலன் இருக்காது.

கேள்வி: மருத்துவமனையில் ஒரு ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். போலி மாத்திரைக் குழுவில் விழுந்தால் சிகிச்சையே இல்லாமல் போய்விடுமா? கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்பது?

பதில்: சிறுநீரக, இதய ஆய்வுகளில் போலி மாத்திரை பெரும்பாலும் ஏற்கெனவே கொடுத்துவரும் சிகிச்சைக்கு மேல்தான் வரும். பிபி மாத்திரை, ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை எல்லாம் இரு குழுவுக்கும் தொடரும். இருந்தாலும் ஒப்புதல் படிவத்தில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாய்வார்த்தை போதாது.

எந்தக் குழு என்பதைக் கணினி குலுக்கிப் போடுகிறது. டாக்டருக்குத் தெரிந்தால் மோசமாக இருப்பவர்களை அறியாமலே ஒரு பக்கம் தள்ளிவிடுவார், பிறகு ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை. ஆனால் அவசரம் என்றால் எந்த நேரமும் ரகசியத்தைத் திறந்து பார்க்க வழி இருக்கும். அதற்கான தொலைபேசி எண் உள்ள அட்டை தருவார்கள். அது பர்ஸில் இருக்க வேண்டும், வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை.

கேட்க வேண்டியவை: மருத்துவமனைக்கு எத்தனை முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு ரத்தம் எடுப்பீர்கள்? பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு? ஆய்வு முடிந்தபின் மருந்து வேலை செய்தது என்றால் எனக்குத் தொடர்ந்து கிடைக்குமா? என் மாதிரிகளை வேறு ஆய்வுக்கு வைத்துக்கொள்வீர்களா? பாதியில் தரவுகளைப் பார்க்கும் சுதந்திரமான குழு இருக்கிறதா? கடைசிக் கேள்வி சம்பிரதாயம் அல்ல. டாப்பா-சிகேடி ஆய்வு அத்தகைய குழு சொல்லித்தான் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது, பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால். ஆபத்து கண்டும் நிறுத்துவார்கள்.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கலாம். ‘இப்போதே போடுங்கள்’ என்று அவசரப்படுத்தினால் அதையே காரணமாக வைத்து மறுக்கலாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை பாதிக்கக்கூடாது. ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: மாத்திரையை நிறுத்துவதும் ஆய்விலிருந்து விலகுவதும் வேறு வேறு. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதை மட்டும் நிறுத்திவிட்டு, உடல்நிலையைத் தொடர்ந்து குறித்துக்கொள்ள அனுமதிக்கலாம். ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லாம் கணக்கிலிருந்து காணாமல் போனால், மருந்து உண்மையில் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும்.

கேள்வி: பத்து நாள் இடைவெளியில் பொட்டாசியம் 5.9, 4.8. ஆல்புமின் ஒரு முறை 40, ஒரு முறை 160. பிபி வீட்டில் ஒன்று, கிளினிக்கில் ஒன்று. எதை நம்புவது?

பதில்: எண்ணை நம்பும் முன் அது எடுக்கப்பட்ட விதத்தைப் பாருங்கள்.

பொட்டாசியம்: கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, ‘மூடித் திறங்க, மூடித் திறங்க’ என்று சொல்லி ரத்தம் எடுத்தால், தசையிலிருந்து பொட்டாசியம் வெளியே வந்து அளவு ஒரு புள்ளி வரைகூடக் கூடும். ஊசிக்குழலில் வேகமாக இழுத்தால் சிவப்பணு உடைந்தும் கூடும். மாதிரியைப் பிரிக்காமல் மணிக்கணக்கில் வைத்தாலும், குளிரில் வைத்தாலும் அப்படியே. 5.9 வந்தால் அலட்சியமும் வேண்டாம். அன்றே மறுபடி சரியாக எடுத்துப் பார்க்க வேண்டும், ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

ஆல்புமின்: காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில், கிரியேட்டினினோடு விகிதமாகப் பார்ப்பது நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி எல்லாம் ஏற்றிக் காட்டும். மூன்று முதல் ஆறு மாத காலத்தில் எடுத்த மூன்று மாதிரியில் இரண்டு, 30-க்கு (ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு மி.கி.) மேல் இருந்தால்தான் நோய் என்று முடிவு.

24 மணி நேரச் சிறுநீர் கேட்டால்: காலை 7 மணிக்குப் போவதைக் கொட்டிவிட வேண்டும். அதன்பின் போவதெல்லாம் கேனில், மறுநாள் 7 மணிக்குப் போவது உட்பட. முதல் சிறுநீரையும் சேர்த்துவிடுவதும், வெளியே போனபோது ஒரு முறை விட்டுப்போவதும்தான் வழக்கமான தப்பு. ஆய்வுக்கூடம் மொத்தக் கிரியேட்டினினைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும். இளவயது ஆணுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20–25 மி.கி., பெண்ணுக்கு 15–20 மி.கி. இருக்க வேண்டும்.

பிபி: 9,361 பேரை வைத்து நடந்த ஸ்பிரின்ட் ஆய்வு 2015-ல் ‘120-க்குக் கீழே’ என்ற இலக்கைப் பேசவைத்தது. அங்கே நோயாளி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், இயந்திரம் தானாக மூன்று முறை எடுத்துச் சராசரி போட்டது. ஓடிவந்து உட்கார்ந்தவரிடம், பேசிக்கொண்டே, சட்டைக்கு மேல் எடுத்த 135-ஐ அந்த 120-ஓடு ஒப்பிட்டு மாத்திரையைக் கூட்டினால் தலைசுற்றல்தான் மிஞ்சும். அந்த ஆய்விலேயே கடுமையான இலக்குக் குழுவில் மயக்கமும் திடீர் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதல். முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, கை இதய மட்டத்தில் இருக்கட்டும். பெரிய கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அளவு ஏறித் தெரியும்.

கேள்வி: டயாலிசிஸில் இருக்கும் மாமியாருக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டாம் என்கிறார் ஒரு டாக்டர். இதயத்துக்கு நல்லதில்லையா?

பதில்: டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் பலன் உண்டு. டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் புதிதாகத் தொடங்கியபோது ஜெர்மனியின் 4டி ஆய்விலும் (2005), 2,776 பேரை வைத்த ஆரோராவிலும் (2009) கொலஸ்ட்ரால் நன்றாக இறங்கியது, இதயப் பாதிப்பு குறிப்பிடும்படி இறங்கவில்லை. இவர்களில் பலருடைய இதயம் நிற்பது கொழுப்பு அடைப்பால் அல்ல. தடித்த இதயச் சுவர், சுண்ணாம்பு படிந்த நாளங்கள், பொட்டாசியமும் நீரும் ஏறி இறங்குவதால் வரும் துடிப்புக் கோளாறு ஆகியவையே காரணம். ஆனால் டயாலிசிஸுக்கு வரும் முன்பே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தொடரலாம் என்பதே வழிகாட்டுதல். மாமியார் எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: கிரியேட்டினின் இவ்வளவு தாண்டினால் உடனே டயாலிசிஸ் என்று எண் ஏதும் உண்டா?

பதில்: எண்ணை மட்டும் வைத்துத் தொடங்குவதில்லை. 2010-ல் வெளியான ஐடியல் ஆய்வில் 828 பேர். ஒரு குழு ஜி.எஃப்.ஆர். 10–14 இருக்கும்போதே தொடங்கியது, மற்றது 5–7 வரை காத்திருப்பதாக ஏற்பாடு. இறப்பில் வித்தியாசமில்லை. காத்திருக்கச் சொன்னவர்களில் நான்கில் மூன்று பேர், மூச்சுத் திணறல், வாந்தி போன்ற தொல்லைகளால் 7-க்கு இறங்கும் முன்பே தொடங்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஆகவே காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தநாள இணைப்பு அறுவை முன்பே நடந்திருக்க வேண்டும், அது முதிர ஆறு வாரத்திலிருந்து சில மாதங்கள் ஆகும். அந்தக் கையில் ரத்தம் எடுக்கவோ பிபி பார்க்கவோ விடக்கூடாது.