இரண்டு ரிப்போர்ட்டில் இரண்டு மாதிரி எழுதியிருந்தால்?

அம்மா, 3 மாத இடைவெளியில் மகனுக்கு இரண்டு இடத்தில் திக்குவாய்ப் பரிசோதனை செய்திருக்கிறீர்கள். ஒன்றில் 'லேசானது', மற்றதில் 'மிதமானது'. அதிகமாகிக்கொண்டே போகிறதா, அவன் ஆசைப்படும் சட்டப் படிப்பை விட்டுவிடச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். இந்த இரண்டு தாளை மட்டும் வைத்து அப்படி முடிவெடுக்காதீர்கள்.

அந்த அளவு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். பேச்சைப் பதிவு செய்து, எத்தனை அசை திக்கியது என்று எண்ணுவார்கள். 300 அசையில் ஒருவர் 12 எண்ணினால் 4 சதவீதம். அதே பதிவில் இன்னொருவர் 18 எண்ணினால் 6. 'ப-ப-ப-பரீட்சை' என்பதில் குழப்பமில்லை, எத்தனை 'ப' வந்தாலும் ஒரு திக்கல்தான். உதடு ஒட்டிக்கொண்டு சத்தமே வராமல் நிற்கிறானே, அங்கேதான் சிக்கல். வீடியோவில் அது தெரியும். ஆடியோவில் ஏதோ யோசிக்கிறான் என்று தோன்றும்.

1972-இல் கிளிண்டன் ரைலி வெளியிட்ட அளவுகோல் இன்றும் பல இடங்களில் புழங்குகிறது. திக்கிய எண்ணிக்கையோடு, மிக நீண்ட மூன்று திக்கல்களின் சராசரி நேரத்துக்கும், முகம் கை கால் அசைவுகளுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். எல்லைக்கோட்டில் இருக்கும் பையனுக்கு ஒரு மதிப்பெண் மாறினாலே 'லேசானது' 'மிதமானது' ஆகிவிடும். அதோடு, திக்கல் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். நண்பனிடம் சரளமாகப் பேசுகிறவன் போனில் தடுமாறுவான்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறு. வராத சொல்லை விட்டுவிட்டு வேறு சொல் போட்டுப் பேசும் பிள்ளைகள் உண்டு. எண்ணிக்கை குறைவாக வரும், உள்ளுக்குள் பாடு அதிகம். அதனால் அவனிடமே கேளுங்கள்: எந்தச் சொல்லைத் தவிர்க்கிறாய், எங்கே பேசாமல் இருந்துவிடுகிறாய்?

சரி, அடுத்து என்ன செய்யலாம்? ஒரே தெரபிஸ்டிடம் தொடருங்கள். வாசிப்பு, உரையாடல், போன் பேச்சு என்று தனித்தனியாக வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் இன்னொருவரும் அதைப் பார்த்துத் தனியாக எண்ணட்டும். வீட்டில் அவனே தினமும் 0 முதல் 9 வரை மதிப்பெண் போட்டு வரட்டும். 0 என்றால் திக்கலே இல்லை, 9 என்றால் மிகக் கடுமை. சில வாரம் சேர்ந்தால் போக்கு தெரியும்.

சட்டம் படிக்கத் திக்கல் தடையில்லை. மாதிரி நீதிமன்றப் பயிற்சியில் எழுந்து வாதாட வேண்டியிருக்கும், அதற்கு இப்போதே தெரபிஸ்டோடு தயாராகட்டும். அடுத்த முறை வரும்போது அவனையும் அழைத்து வாருங்கள். அவன் பேசி முடிக்கும்வரை நாம் இருவரும் குறுக்கிடாமல் கேட்போம்.