பேக்கேஜை விடுங்கள், அந்த 6.1-ஐக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு 41 வயது, கணவருக்கு 44. இருவருக்கும் தனியார் வேலை. சேர்த்து மாதம் 85,000 ரூபாய் வருகிறது. அவருடைய கம்பெனி கொடுத்த 3 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு தவிர வேறு பாலிசி இல்லை. போன மாதம் ஆபீஸ் முகாமில் அவருக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட்) 6.1 என்று வந்தது. ஆளுக்கு 7,000 ரூபாயில் வருடாந்திர ஃபுல் பாடி செக்-அப் எடுத்தால் வரியும் மிச்சம் என்கிறார்கள் ஒரு லேபில். "அந்த 14,000-ஐ எஸ்ஐபியில் (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) போடலாம்" என்கிறார் கணவர். எது சரி?
- வாசகி, திருச்சி

பதில்: லேபில் சொன்ன வரிக்கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். வருமான வரியில் மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி சலுகையில் இந்தப் பரிசோதனைக்குக் குடும்பம் முழுவதற்குமே 5,000 ரூபாய்தான் வரம்பு. அதுவும் பிரீமியத்துக்கான 25,000 ரூபாய்க்குள் அடக்கம், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை வரியே இல்லை. உங்கள் இருவர் சம்பளத்தையும் கூட்டினாலே ஆண்டுக்கு 10.2 லட்சம்தான். மிச்சம் பிடிக்க உங்களுக்கு வரி எதுவும் இல்லை.

செக்-அப் செய்தாலே பணம் மிச்சம் என்பதும் சரியல்ல. எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு எண்பது டெஸ்ட் எடுத்தால் ஏதாவது ஒன்றிரண்டு எல்லை தாண்டித்தான் வரும். அப்புறம் மறுபரிசோதனை, ஸ்கேன் என்று செலவு நீளும், கூடவே பயமும். தென்கொரியாவில் 1999-க்குப் பிறகு பலரும் தைராய்டு ஸ்கேன் எடுத்துக்கொண்டார்கள். 2011-ல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993-ஐப் போல 15 மடங்கு. அந்த நோயால் இறப்பவர்கள் எண்ணிக்கையோ குறையவில்லை. அத்தனை அறுவை சிகிச்சைக்கும் யாரோ பணம் கட்டினார்கள்.

ஆபத்து நிஜமாக இருந்து, டெஸ்ட் மலிவாக இருந்து, முடிவு வந்தபின் செய்ய ஏதாவது இருந்தால்தான் முன்தடுப்புக்குப் போடும் பணத்துக்குப் பலன். உங்கள் கணவரின் 6.1-க்கு மூன்றும் பொருந்துகிறது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. சென்னையில் இந்த நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் மூன்றே வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் தொடர்ந்து கவனித்து மாற்றியவர்களில் அது 39 சதவீதம்தான். மாத்திரை, கண் பரிசோதனை, சிறுநீரகம் கெட்டால் வாரம் இரண்டு மூன்று டயாலிசிஸ், அந்த நாட்களின் சம்பள இழப்பு என்று இந்த நோய் ஒரு குடும்பத்திடம் வாங்குவதை நினைத்தால், இதைத் தடுப்பதற்கு ஈடான வருமானம் தரும் எஸ்ஐபி எனக்குத் தெரியாது. அவரைப் பேக்கேஜுக்கு அனுப்பாமல் டாக்டரிடம் அனுப்புங்கள். மாத்திரை வேண்டுமா, எச்பிஏ1சி மறுபடி எப்போது எடுப்பது என்று டாக்டர் சொல்வார்.

உங்களுக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 30 வயது தாண்டிய பெண்களுக்கு அங்கேயே கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய் பரிசோதனையும் செய்கிறார்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

சரி, 14,000 ரூபாய்? சொந்தமாக ஒரு குடும்ப ஃப்ளோட்டர் பாலிசிக்கு (ஒரே காப்பீட்டுத் தொகையைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் மருத்துவக் காப்பீடு) அது முதல் தவணையாக இருக்கட்டும். 10 லட்சத்துக்குப் பாருங்கள். கம்பெனி காப்பீடு வேலை போனால் கூடவே போய்விடும். இப்போதே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் அந்த 6.1 தான். அது சர்க்கரை நோயாக மாறிய பிறகு போனால் பிரீமியம் ஏறலாம், மறுக்கவும் செய்யலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்பு 18 சதவீதம் இருந்தது.

விண்ணப்பத்தில் 6.1-ஐ மறைக்காமல் எழுதுங்கள், எழுத வேண்டாம் என்று ஏஜென்ட் சொன்னாலும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு க்ளெய்ம் கேட்கக் காத்திருக்க வேண்டியது இப்போது அதிகபட்சம் 3 வருடம்தான். மறைத்தது தெரிந்தால் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். பாலிசி எடுத்தபின் எஸ்ஐபி தொடங்குங்கள், மாதம் 1,000 ரூபாயாக இருந்தாலும் போதும்.