வியாசர்பாடி பின்கோடு: 66671 பகா எண் இல்லை

வியாசர்பாடி பின்கோடான 600039-ஐ 9-ஆல் வகுத்து 66671 வரை வந்துவிட்டு, அது 3, 5, 7 எதிலும் போகவில்லை, அதனால் பகா எண் என்று பாப்பா முடித்துவிட்டாள், மொத்தம் 36 காரணிகள் என்று விடையில் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். விடை சரிதான், பாப்பா ஒரு படி முன்னாடியே நின்றுவிட்டாள்.

11-ஐப் பாருங்கள். 66671-ல் ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டினால் 6+6+1=13, மிச்சம் 6+7=13, இரண்டும் சமம், அப்படியென்றால் 11-ஆல் மீதியில்லாமல் போகும். வருவது 6061, அதுவும் 11-ஆல் போகும், கடைசியில் 551. இந்த 551 பார்க்கப் பகா எண் மாதிரியே இருக்கும், நிறைய பேர் இங்கே ஏமாறுவார்கள், ஆனால் 24-இன் வர்க்கம் 576, அதில் 25 போனால் 551, எனவே (24−5)×(24+5), அதாவது 19×29.

ஆக 600039 = 3²×11²×19×29. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 3×3×2×2 = 36.

அப்புறம் காரணிகளின் கூட்டுத்தொகையையும் போடச் சொல்லுங்கள், எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது: (1+3+9)×(1+11+121)×(1+19)×(1+29), அதாவது 13×133×20×30 = 10,37,400. இதில் முதல் இரண்டை மட்டும் பெருக்கினால் 1729! 1912-ல் நம் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தாரே, அந்த ராமானுஜனின் எண், 1³+12³ என்றும் 9³+10³ என்றும் இரண்டு விதமாக எழுதலாம். பெருக்கலைப் பாப்பாவே கையால் போடட்டும், முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.