வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ரூபாய் நோட்டில் இருக்கும் காந்தி ஓவியரின் கற்பனையா? 500 ரூபாய் நோட்டு நல்லதா என்று அந்தப் படத்தை வைத்தே கண்டுபிடிக்கலாமா?

பதில்: கற்பனை இல்லை. 1946-ல் பிரிட்டிஷ் அமைச்சர் பெத்திக் லாரன்ஸ் பிரபுவுடன் காந்தி நிற்கும்போது எடுத்த புகைப்படத்திலிருந்து அவர் முகம் மட்டும் எடுக்கப்பட்டது. 1969-ல் நூற்றாண்டு நினைவு நோட்டில் சேவாகிராம ஆசிரமப் பின்னணியோடு அமர்ந்திருப்பார். அது வேறு படம். இப்போதைய சிரிப்பு முகம் 1987-ல் 500 ரூபாயில் வந்து, 1996 முதல் மற்ற நோட்டுகளுக்கும் பரவியது.

படத்தை வைத்துப் பாதி கண்டுபிடிக்கலாம். நடுவில் உள்ள காந்தியை விரல் நுனியால் தடவுங்கள்; மை மேடுதட்டிச் சொரசொரப்பாக இருக்கும். ஆனால் கசங்கித் தேய்ந்த நல்ல நோட்டும் வழவழப்பாகிவிடும். அதனால் வலப்பக்க வெள்ளை இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீர்க்குறியாக (வாட்டர்மார்க்) காந்தி முகமும் பக்கத்தில் 500 என்ற எண்ணும் தெரியும். அந்த முகத்தில் நிழல் படிப்படியாக மங்கும். கள்ள நோட்டில் மெழுகோ எண்ணெய்ப்பசையோ வைத்து அச்சடிப்பதால், வெளிச்சத்தில் பிடிக்காமலே கறைபோல் தெரியும். பல கடைகளில் இதோடு விட்டுவிடுகிறார்கள், அது போதாது. நோட்டைச் சாய்த்தால் பாதுகாப்பு இழை (தாளில் பதிந்து ஓடும் மெல்லிய பட்டை) பச்சையிலிருந்து நீலமாக மாறவேண்டும். மாறாவிட்டால் வாங்காதீர்கள்.

கேள்வி: அண்ணா படம் போட்ட 5 ரூபாய் நாணயம் செல்லுமா?

பதில்: தாராளமாகச் செல்லும். 2009-ல் நூற்றாண்டுக்காக வெளியானது. படத்தின் கீழே அவருடைய தமிழ்க் கையெழுத்தையும் பாருங்கள், அழகு!