உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால்?

கேள்வி: போன தேர்தலில் நான் போனபோது என் ஓட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் அப்படி நடந்தால் என்ன செய்வது? ஆதாரைக் காட்டினால் 'சேலஞ்ச் ஓட்டு' போடலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது, உண்மையா?

பதில்: அந்த வாட்ஸ்அப் தகவலை முதலில் அழித்துவிடுங்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் தவறாமல் வரும் பொய் அது. சேலஞ்ச் என்பது நீங்கள் போடும் ஓட்டே அல்ல. ஓட்டுப் போட வந்தவர் அசல் ஆள்தானா என்று கட்சி ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பதற்குத்தான் அந்தப் பெயர். வாக்காளர் பட்டியலில் பெயரே இல்லையென்றால் ஆதார், பாஸ்போர்ட் எதைக் காட்டினாலும் ஓட்டு கிடையாது. டெண்டர் ஓட்டு, அதாவது தன் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டதால் உரியவர் தனி வாக்குச்சீட்டில் போடும் ஓட்டு, 14 சதவீதம் தாண்டினால் மறுவாக்குப்பதிவு என்பதும் கட்டுக்கதை.

உங்களுக்கு உதவுவது 1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 49P. பட்டியலில் பெயர் இருந்து, வேறு யாரோ போட்டுவிட்டால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடமே போய் 'டெண்டர் ஓட்டு வேண்டும்' என்று கேளுங்கள். அடையாளம் பற்றிச் சில கேள்விகள் கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால் 17B படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாக்குச்சீட்டு தருவார். இயந்திரத்தில் போட முடியாது. ரப்பர் முத்திரையால் குத்தி, மடித்து, அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். தனி உறையில் வைப்பார். 'சீட்டு இல்லை' என்றால் நம்பாதீர்கள், சாவடிக்கு அனுப்பும் பொருட்களிலேயே அது இருக்கும். மண்டல அலுவலரை அழைக்கச் சொல்லுங்கள், அல்லது வாக்காளர் உதவி எண்ணான 1950-க்குப் போன் செய்யுங்கள்.

ஏஜென்ட்கள் சமரசத்துக்கு வருவார்கள். 'பிரச்சினை வேண்டாம், ஊரில் இல்லாத இன்னொருவர் பேரில் போட்டுட்டுப் போங்க' என்பார்கள். போட்டால் ஆள்மாறாட்டக் குற்றவாளி நீங்கள்தான். ஓராண்டு வரை சிறை.

இன்னொரு நிலைமையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பட்டியலில் பெயர் இருக்கும். ஆனால் 'வீட்டில் இல்லை, குடிபெயர்ந்தார், இறந்தார்' என்ற தனிப் பட்டியலிலும் ஏறியிருக்கும். அங்கே டெண்டர் ஓட்டு கேட்கக் கூடாது. அடையாள அட்டையைக் காட்டி, உறுதிமொழி எழுதிக் கொடுத்து, கையெழுத்தோடு கைரேகையும் வைத்தால் இயந்திரத்திலேயே போடலாம். இதைக் கேட்டு வாங்கத் தெரியாமல் வீடு திரும்புபவர்கள் ஏராளம். அலுவலர்களில் சிலருக்கே தெரிவதில்லை.

டெண்டர் ஓட்டு உறையை எண்ணும் நாளில் பிரிக்கவே மாட்டார்கள். முடிவு வந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டு, நீதிமன்றம் சொன்னால்தான் எண்ணுவார்கள். திருடியவன் ஓட்டு அன்றைக்கே கணக்கில் சேரும், உரியவர் ஓட்டு உறையில் கிடக்கும். இப்படி ஒரு விதியை இத்தனை ஆண்டுகளாக அப்படியே வைத்திருக்கிறார்கள்.