பட்டியலின் கீழ்ப்பாதியைப் பாருங்கள்

கல்லூரிச் சேர்க்கைக்கான கலந்தாய்வு நேரம். இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றையேதான் கேட்கின்றன: ஆசைப்பட்ட கல்லூரிக்கு எவ்வளவு காத்திருப்பது, கிடைத்ததை எப்போது பிடித்துக்கொள்வது? பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்த காலத்திலும், ஓய்வுக்குப் பிறகு, வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் பதியும் விருப்பப் பதிவுக்குப் பிள்ளைகளோடு கம்ப்யூட்டர் முன் உட்காரும்போதும் நான் பார்த்ததை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பொறியியல் கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்கு 178.5. பி.சி. பிரிவு. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும் என்பது பத்தாம் வகுப்பிலிருந்தே அவனுடைய ஆசை. "கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டால் வாய்ப்பு வீணாகிவிடும், கிடைக்கிறதை முதலில் போடுங்கள்" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பட்டியலில் எத்தனை கல்லூரி போட வேண்டும்? குழப்பமாக இருக்கிறது, மேடம்.
– ஒரு தாய், சங்கரன்கோவில்

பதில்: வீணாகாது அம்மா. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் தவறாகச் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுக்கும். உங்கள் மகனின் முறை வரும்போது அவனுடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதல் வரியில் இடம் இல்லையென்றால் இரண்டாவது வரி, அதிலும் இல்லையென்றால் மூன்றாவது. இடம் இருக்கும் வரியில் நின்றுவிடும். அவனுடைய பட்டியலைப் படித்து முடித்த பிறகுதான் அடுத்த ரேங்க்காரரிடம் போகும். அதனால் கிண்டியை மேலே எழுதியதற்காகக் கீழே இருக்கும் இடத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போக முடியாது. உண்மையான நஷ்டம் தலைகீழாகப் போட்டால்தான் வரும். "கிடைக்கிற" கல்லூரியை முதலில் போட்டால், அதைவிட நல்ல கல்லூரியில் இடம் இருந்தாலும் கம்ப்யூட்டர் அங்கே போகவே போகாது.

அப்புறம், ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். 178.5-க்குக் கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது. இதை ஒதுக்கீடு வெளியாகும் நாளில் திரையைப் பார்த்து அவன் தெரிந்துகொள்ள வேண்டாம். இப்போதே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பேசிய பிறகும் அது முதல் வரியில் இருக்கட்டும் என்றால் இருக்கட்டும், கெடுதல் இல்லை. அவனுக்கு இடம் வரப்போவது பட்டியலின் நடுவிலோ அடியிலோ இருந்துதான். பிள்ளைகள் மேலே இருக்கும் பத்து வரிகளுக்காக ஒரு வாரம் சண்டை போடுகிறார்கள். கீழே இருப்பதைக் கடைசி நாள் இரவில், வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய பட்டியலைப் பார்த்து நிரப்புகிறார்கள். நாலு வருஷம் படிக்கப்போவது அந்தக் கடைசி இரவில் எழுதிய ஒரு வரியில் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

எத்தனை கல்லூரி என்று கேட்டீர்கள். விருப்பப் பதிவில் உச்சவரம்பு கிடையாது. பத்து, பதினைந்தோடு நிறுத்துவதுதான் ஆபத்து. முந்தைய ஆண்டுகளில் எந்தக் கட்-ஆஃப் வரை இடம் கிடைத்தது என்ற விவரம், தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கான டிஎன்இஏ இணையதளத்தில் கல்லூரி வாரியாக, பாடப்பிரிவு வாரியாக, இனவாரியாக இருக்கிறது. அதில் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள், ரேங்க்கையும் பாருங்கள். கணக்கு வினாத்தாள் எளிதாக வந்த ஆண்டில் 178.5-க்கு வரும் ரேங்க் வேறு, கடினமாக வந்த ஆண்டில் வேறு. போன ஆண்டு இதே மதிப்பெண்ணுக்குக் கிடைத்த கல்லூரி இந்த ஆண்டும் கிடைக்கும் என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். உங்கள் மகன் பொதுப் பிரிவு இடங்களுக்கும் போட்டியிடுகிறான், பி.சி. இடங்களுக்கும் போட்டியிடுகிறான். அதனால் பொது ரேங்க், இன ரேங்க் இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள்.

பதியும்போது பெயரைப் பார்க்காமல் கல்லூரியின் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் எண் 2006. அதே பி.எஸ்.ஜி. பெயரில் நீலம்பூரில் இன்னொரு கல்லூரி இருக்கிறது, அதற்கு வேறு எண். அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயரில் இன்னும் குழப்பம் அதிகம். கிண்டி வளாகம் வேறு, கோவை, மதுரை, திருநெல்வேலி மண்டல வளாகங்கள் வேறு, விழுப்புரம், திண்டுக்கல், பண்ருட்டி மாதிரி ஊர்களில் இருக்கும் உறுப்புக் கல்லூரிகள் வேறு. உறுப்புக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. உங்கள் வசதிக்கு அது பெரிய உதவியாகக்கூட இருக்கலாம். ஆனால் கிண்டி என்று நினைத்துக்கொண்டு அதைப் பதியக் கூடாது.

பட்டியலின் அடியில் வரக்கூடிய கல்லூரிகளில் நாலைந்தையாவது நேரில் போய்ப் பாருங்கள். வேலை நாளில், பஸ்ஸில் போங்கள். வரவேற்பறையில் உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள், குடித்துவிட்டு ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். இயந்திரங்களின் மேல் உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்களா, பிள்ளைகள் கை வைத்து வேலை செய்கிறார்களா என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். கேன்டீனில் மூன்றாம் ஆண்டு மாணவர் இரண்டு பேரைப் பிடித்து, கணக்கு எடுத்த ஆசிரியர் ஒரு செமஸ்டரில் எத்தனை முறை மாறினார் என்று கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தைக் கல்லூரி வாரியாக வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துகின்றன. அவர்களுடைய தேர்ச்சி விகிதத்தை இதோடு சேர்த்து ஒப்பிட வேண்டாம்.

இப்படிப் பார்த்த பிறகு, "இங்கே இடம் வந்தால் சேருவாயா?" என்று ஒவ்வொரு வரிக்கும் மகனிடம் கேளுங்கள். மாட்டேன் என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

கேள்வி: எனக்குத் தற்காலிக ஒதுக்கீட்டில் கோவையில் ஒரு கல்லூரியில் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) வந்திருக்கிறது. பட்டியலில் அதற்கு மேலே எட்டு சாய்ஸ் இருக்கின்றன. ஏற்றுக்கொண்டு சேரவா, ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கவா? இரண்டே நாள்தான் இருக்கிறது.
– மாணவி, ஒட்டன்சத்திரம்

பதில்: கண்ணு, முதலில் அந்த எட்டு வரிகளையும் ஒரு தாளில் எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: கையில் இருக்கும் கோவை இடத்தை விட்டுவிட்டு இங்கே போவேனா? எட்டுக்கும் பதில் ஆமாம் என்றால், ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கும் வாய்ப்பைத் தேர்வு செய். அறிவித்த தேதிக்குள் கலந்தாய்வுச் சேவை மையத்தில் கட்டணத்தைக் கட்டிவிட்டால் கோவை இடம் உன் பெயரில் பத்திரமாக இருக்கும். மேலே ஏதாவது காலியானால் வரும், வராவிட்டால் கோவை.

ஒன்றுக்காவது இல்லை என்று பதில் வந்தால் யோசிக்க வேண்டும். மேலே இடம் வந்துவிட்டால் கோவை இடம் அதுவாகவே போய்விடும், திரும்பிக் கேட்க முடியாது. பதிந்து முடித்த பட்டியலை இப்போது மாற்றவும் முடியாது. வேடசந்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, மாமா சொன்னார் என்று சென்னைக்கு வெளியே ஒரு கல்லூரியை மேலே போட்டிருந்தாள். காத்திருந்தாள், அதுவே வந்தது. விடுதிக் கட்டணம் அந்த வீட்டுக்குத் தாங்கவில்லை. முதலில் வந்திருந்த மதுரைக் கல்லூரிக்கு வீட்டிலிருந்தே போய் வந்திருக்கலாம்.

இன்னொன்று. "நிராகரித்து மேலே காத்திருக்கிறேன்" என்று ஒரு வாய்ப்பு இருக்கும். அதில் கையில் இருக்கும் இடமே போய்விடும். அவசரத்தில் இரண்டையும் மாற்றி அழுத்திவிடாதே. ஒன்றையும் அழுத்தாமல் இரண்டு நாளைக் கடத்தினாலும் இடம் ரத்தாகிவிடும். கரண்ட் போகும், சர்வர் நிற்கும் என்று கணக்கில் வைத்து முதல் நாளே முடித்துவிடு.

கேள்வி: ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கைக்கான ஜோசா கலந்தாய்வில் காரைக்கால் என்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது. எனக்குத் திருச்சி வேண்டும். ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு – எதைக் கொடுப்பது?
– மாணவன், கரூர்

பதில்: ஃப்ளோட். ஃப்ரீஸ் கொடுத்தால் கிடைத்ததோடு முடிந்தது. ஸ்லைடு என்றால் அதே காரைக்காலில் மேலே எழுதிய பாடப்பிரிவுக்கு மட்டும்தான் பார்ப்பார்கள். ஃப்ளோட்டில்தான் வேறு கல்லூரிக்கும் பார்ப்பார்கள். திருச்சியில் பாதி இடம் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு என்பதால் உனக்கு வாய்ப்பு உண்டு. மேலே வந்தால் பழைய இடம் போய்விடும் என்பது இங்கேயும் உண்டு.

கேள்வி: ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மகளுக்கு இடம் கொடுத்துவிட்டு, பத்து நாளில் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அரசுக் கலந்தாய்வு அதற்குப் பிறகுதான். கட்டினால் பணம் போய்விடுமா? கட்டாவிட்டால் இடம் போய்விடுமே.
– ஒரு தந்தை, ராணிப்பேட்டை

பதில்: மொத்தமும் போகாது, ஆனால் தேதியைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட அறிவிப்புப்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாள் முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். அலுவலகச் செலவு என்று கட்டணத்தில் 5 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டுமே பிடிக்கலாம். அதற்குப் பிறகு நாள் ஆக ஆக 90, 80, 50 சதவீதம் என்று குறையும். கடைசி நாள் முடிந்து 30 நாளைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. ஆண்டுதோறும் புதிய சுற்றறிக்கை வரலாம், அதையும் பாருங்கள். ஆகவே அவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது, "சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாள் எது?" என்பதுதான். எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தை வங்கி வழியாக மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கேட்டால் அந்த இடமே வேண்டாம். அசல் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் சான்றிதழையும் சரிபார்க்கக் கொடுக்கலாம், வைத்துக்கொள்ளக் கொடுக்கக் கூடாது. வைத்துக்கொள்ள அவர்களுக்கும் உரிமை இல்லை. அரசுக் கலந்தாய்வில் சேரும் நாளில் அந்த அசல் உங்கள் பையில் இருக்க வேண்டும். சரி, இத்தனைக்கும் பிறகு அந்த முன்பணத்தைக் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால் கட்டாதீர்கள். நாலு வருஷக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்து முடிவு எடுங்கள்.

கேள்வி: நீட் மதிப்பெண் எல்லைக்கோட்டில் இருக்கிறது. மருத்துவக் கலந்தாய்வின் கடைசிச் சுற்றுவரை காத்திருந்து, கிடைக்காவிட்டால் இன்னொரு வருஷம் நீட் எழுதலாம் என்று நினைக்கிறேன். அப்பா வேறு ஏதாவது சேரச் சொல்கிறார்.
– மாணவி, மன்னார்குடி

பதில்: இந்த விஷயத்தில் நான் உன் அப்பா பக்கம். கடைசிச் சுற்று முடிவதற்குள் மற்றப் படிப்புகளில் சேர்க்கை முடிந்து வகுப்பே தொடங்கியிருக்கும். அதுவரை வெறும் கையோடு உட்காராதே. உயிரினங்கள் மேல் உனக்குப் பிடிப்பு உண்டென்றால், கால்நடை மருத்துவமும் வேளாண்மையும் இருக்கின்றன. தமிழ்நாட்டு இடங்களுக்கு இரண்டிலும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்ப்பார்கள், நீட் கேட்கமாட்டார்கள். கால்நடை மருத்துவக் கல்லூரி உன் ஊருக்குப் பக்கத்தில் ஒரத்தநாட்டிலேயே இருக்கிறது. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா. விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டதா என்று இன்றைக்கே இணையதளத்தில் பார்த்துவிடு.

இன்னொரு வருஷம் என்று சொல்வதற்கு முன்னால், ஏற்கெனவே இரண்டு முறை நீட் எழுதியிருந்தால், இரண்டு மதிப்பெண் பட்டியலையும் எடுத்துப் பார். முதல் முறையைவிட இரண்டாம் முறை நன்றாக ஏறியிருந்து, மதிப்பெண் குறைவாக இருப்பது இயற்பியலில் மட்டும்தான் என்றால் இன்னொரு முயற்சிக்கு அர்த்தம் உண்டு, அதை அப்பாவிடம் எடுத்துச் சொல்லலாம். அதே மதிப்பெண்ணில் நிற்கிறது என்றால், கிடைக்கும் இடத்தில் இந்த ஆண்டே சேர்ந்துவிடு. இது உனக்கு முதல் நீட்தான் என்றால், பட்டியலோடு மறுபடி எனக்கு எழுது.