டி.சி. கேட்டு நீங்களாக எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். அரசு உதவி பெறும் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுகிறான். "நாள் முழுக்க நீங்க கூட உட்காருங்க, இல்லேன்னா டி.சி. கேட்டு எழுதிக் கொடுங்க" என்கிறார் தலைமையாசிரியர். நான் பாசி எடுக்கப் போகிறவள். பள்ளியில் உட்கார்ந்தால் அன்றைய வருமானம் போச்சு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து இன்னும் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில், அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். பள்ளியாகப் பிள்ளையை நீக்கினால் பதில் சொல்ல வேண்டியது பள்ளி. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று நீங்கள் எழுதிவிட்டால், அப்புறம் எந்த அலுவலகத்தில் ஏறினாலும் "நீங்கதானேம்மா கேட்டு வாங்கினீங்க" என்பார்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், அதைத் திரும்பப் பெறுவதாக நாளைக்கே எழுதிக் கொடுங்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். உங்கள் கடற்கரையில் பல பள்ளிகள் சிறுபான்மையினர் நடத்துபவை. 2014-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அவற்றுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அப்படியல்ல. அதன் 16-வது பிரிவு அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாப் பள்ளிகளையும் குறிக்கிறது: பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கேற்ப வசதி செய்து தர வேண்டும். இதைக் கேட்க, குறைபாடு 40 சதவீதம் என்ற மருத்துவச் சான்று வேண்டியதில்லை. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி தரும் 31-வது பிரிவுக்குத்தான் அந்த அளவு. ஆகவே அட்டை வரட்டும் என்று காத்திருக்காமல், மருத்துவர் தந்த சீட்டின் நகலை வைத்தே தொடங்கலாம்.

தாய் வகுப்பில் உட்கார வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறை அதற்கு வெகு தூரம் பின்னால்தான் இருக்கிறது. ஆனாலும் மண்டபம் வட்டார வள மையத்தின் (பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை அலுவலகம்) சிறப்பாசிரியரை அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தயங்க வேண்டாம்.

சரி, மனு. 'என் மகனைக் கருணையோடு பாருங்கள்' என்று எழுதினால் பதிலும் கருணையாகத்தான் வரும். என்ன வேண்டும் என்று எழுதுங்கள். மணி அடிக்கும் இடத்துக்குத் தள்ளிய இருக்கை. மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் ஆசிரியர் தோளைத் தொட்டுச் சொல்வது. சத்தத்தை மட்டுப்படுத்தும் காதுமூடி போட அனுமதி. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வரிசையின் கடைசியில் நிற்பது. தாங்க முடியாதபோது போய் உட்கார ஓர் அமைதியான இடம், கூடப் போக ஒரு பெரியவர். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவே இல்லை. முடியாது என்று எழுத்தில் சொல்லப் பள்ளிக்குக் கஷ்டம். நகலில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால், சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்).

'வீட்டிலேயே படிக்கட்டும்' என்பார்கள். கடுமையான குறைபாடு உள்ள பிள்ளை தானாகத் தேர்ந்தெடுக்கத்தான் கல்வி உரிமைச் சட்டம் அந்த வழியை வைத்தது. பள்ளி தள்ளிவிட அல்ல.

இரண்டு வாரத்தில் அசைவில்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் அதே மனுவைக் கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. புகாரைத் தபாலில் அனுப்பினால் போதும்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு இப்போதே போக வேண்டாம் என்பது என் கருத்து. வழக்கு நடக்கும்போதும் பையன் அதே ஆசிரியர் முன்னால்தான் உட்கார வேண்டும். அவரும் வகுப்பு நிறையப் பிள்ளைகளோடு தனியாகத் திண்டாடுகிறவராக இருக்கலாம். போயே ஆக வேண்டிய நிலை வந்தால், ராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமான வரம்பு இல்லை. தொலைபேசி எண் 15100.